விடையைத் திரும்பப் போட்டுப் பார்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். போன வாரம் போனில் பேசிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து அப்பா "எந்தக் கம்பெனி என்று கேளு" என்று சொன்னது எனக்கும் கேட்டது. நீ அதைக் கேட்காமல் பேச்சை மாற்றினாய். அதற்கு நன்றி. போனில் அரை நிமிடத்தில் சொல்லக்கூடிய பதில் என்னிடம் இல்லை என்பதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பாவுக்கும் படித்துக் காட்டு.

கம்பெனி என்று எதுவும் இல்லை. இங்கே வந்த புதிதில் இருந்த வேலையை விட்டுப் பதினான்கு மாதம் ஆகிறது. இப்போது நானேதான் முதலாளி, நானேதான் கணக்குப்பிள்ளை, பணம் வராத மாதத்தில் திட்டு வாங்குபவனும் நானே. கணக்கு தெரிந்த ஆள் வேண்டும், ஆனால் மாதச் சம்பளத்துக்கு ஒருவரை வைத்துக்கொள்ளும் அளவுக்கு வேலை இல்லை என்கிற சின்ன நிறுவனங்கள் கூப்பிடுகின்றன. அவர்களுடைய சிக்கலைக் கணக்காக மாற்றி, அந்தக் கணக்கைப் போடும் புரோகிராமை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போகிறேன். ஃப்ரீலான்ஸ் என்கிறார்கள். வேலையில்லாதவன் என்று பொருள் இல்லை என்பதை அப்பாவிடம் அழுத்திச் சொல்.

முதலில் வந்த வேலையைச் சொல்கிறேன், உனக்குப் பிடிக்கும். ஒரு விநியோக நிறுவனம். காலையில் குடோனிலிருந்து வேன்கள் கிளம்பி, பல கடைகளில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். எந்த வரிசையில் போனால் தூரம் குறையும்? "கம்ப்யூட்டர்தானே, எல்லா வழிகளையும் போட்டுப் பார்த்துச் சிறியதை எடுக்கச் சொல்லுங்கள்" என்றார் அந்த மேலாளர். நான் ஒரு தாளை எடுத்தேன். குடோனையும் சேர்த்து 15 இடங்கள் என்றால் சுமார் 4,359 கோடி சுற்றுகள். நொடிக்குப் பத்து லட்சம் சுற்றுகளைச் சரிபார்த்தால் பன்னிரண்டு மணி நேரத்தில் முடியும். அதற்குள் வேன் போய்த் திரும்பியிருக்கும். சரி, 20 இடங்கள் என்றால்? அதே வேகத்தில் 1,900 வருடங்களுக்கு மேல் ஆகும். ஐந்து இடம்தான் கூடியிருக்கிறது. அவர் தாளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் அவர் என்னை நம்பினார் என்று நினைக்கிறேன்.

இதற்குக் கெட்டிக்கார வழிகள் உண்டு, அக்கா. 85,900 புள்ளிகள் கொண்ட ஒரு கணக்குக்கு 2006-ல், இதைவிடச் சிறிய சுற்று இருக்கவே முடியாது என்ற நிரூபணத்தோடு விடை கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆனால் தினமும் காலை ஆறு மணிக்கு வேனை அனுப்புபவருக்கு நிரூபணம் எதற்கு? நான் செய்தது மிக எளியது. முதலில் பக்கத்தில் இருக்கும் கடை, அதற்குப் பக்கத்தில் இருக்கும் கடை என்று ஒரு சுமாரான சுற்று போட்டேன். பிறகு அதில் கடைக்குக் கடை போகும் கோடுகளில் இரண்டை எடுத்து, நடுவில் வரும் பகுதியைத் திருப்பிப் போட்டால் தூரம் குறைகிறதா என்று பார்த்தேன். குறைந்தால் வைத்துக்கொள்வது, இல்லையென்றால் விட்டுவிடுவது. படத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும் கோடுகள் ஒவ்வொன்றாகச் சிக்கல் அவிழ்வதைப் பார்க்க நூல்கண்டைப் பிரிப்பது போல இருக்கும்.

தூரம் நன்றாகக் குறைந்தது. பெருமையோடு கொண்டுபோய்க் காட்டினேன். ஓர் ஓட்டுநர் எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் கடை பன்னிரண்டு மணிக்குமேல் சரக்கு எடுக்காது. இந்தத் தெரு ஒருவழி" என்று இரண்டே வரியில் முடித்துவிட்டார். மூன்று வாரம் நான் வேறு ஒரு கணக்குக்கு விடை தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்! ஒருவழிச் சாலை வந்துவிட்டால், கோடுகளைத் திருப்பிப் போடும் வித்தையும் நேரடியாக நடக்காது, ஏனென்றால் போகும் தூரமும் வரும் தூரமும் ஒன்றில்லை. மறுபடி முதலிலிருந்து எழுத ஐந்து வாரம் ஆனது. இந்த வேலையை ஒட்டுமொத்தமாக ஒரு தொகைக்குப் பேசியிருந்தேன் என்பதால் அந்தக் கூடுதல் ஐந்து வாரத்துக்குக் காசு கிடையாது. இப்போதெல்லாம் கணினியைத் திறப்பதற்கு முன்னால் ஓட்டுநர்களோடு ஒருநாள் உட்கார்ந்துவிடுகிறேன், அந்த ஒரு நாளுக்கும் இன்வாய்ஸ் போடுகிறேன்.

இரண்டாவது வேலைதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. ஒரு பொறியியல் அலுவலகம். பல வருடங்களுக்கு முன் யாரோ ஃபோர்ட்ரானில் எழுதிய புரோகிராம் ஒன்றை வைத்திருந்தார்கள். (ஃபோர்ட்ரான் 1957-ல் வந்த கணினி மொழி. பழசு என்று சிரிக்காதே, இன்றைக்கு நாங்கள் பைத்தான் என்ற மொழியில் எழுதும் அணிக் கணக்குகளில் (எண்களைக் கட்டம் கட்டமாக அடுக்கிப் போடும் கணக்குகள், மேட்ரிக்ஸ்) பல, அடியில் ஃபோர்ட்ரானில் எழுதி வைத்த ஆயத்தப் புரோகிராம் தொகுப்புகளை நம்பித்தான் ஓடுகின்றன.) அதைப் புதிதாக எழுதிக் கொடுத்தேன். பழைய விடையும் என் விடையும் ஒன்பதாவது இலக்கத்தில் மாறின. "புதுசு தப்பு" என்று மின்னஞ்சல் வந்தது.

இங்கேதான் உன் ஞாபகம் வந்தது. எனக்கு இயற்கணிதம் சொல்லிக் கொடுத்தபோது, விடை வந்ததும் நான் பென்சிலைக் கீழே வைத்தால் தலையில் ஒரு குட்டு விழும்: "விடையைத் திரும்பப் போட்டுப் பார்." இங்கே எதைத் திரும்பப் போடுவது? இரண்டு புரோகிராமும் ஒரே சூத்திரத்தைத்தான் போட்டன. பல நாள் தேடிய பிறகு தெரிந்தது, கூட்டும் வரிசைதான் வேறு.

கூட்டலில் வரிசை எப்படி முக்கியம் என்று நீ கேட்பாய். நம் கையில் முக்கியமில்லைதான். கணினி ஒரு தசம எண்ணைச் சுமார் 15, 16 இலக்கத்துக்குத்தான் நினைவில் வைக்கும். 1 போட்டுப் பதினாறு சைபர் கொண்ட எண்ணோடு 1-ஐக் கூட்டு: அதே எண்தான் திரும்ப வரும், 1 காணாமல் போய்விடும். இப்படிப் பத்து தடவை ஒவ்வொன்றாகக் கூட்டினாலும் பெரிய எண் அசையாது. ஆனால் பத்து ஒன்றுகளையும் முதலில் தனியாகக் கூட்டி, அந்த 10-ஐப் பெரிய எண்ணோடு சேர்த்தால் சரியாக வரும். 0.1 என்பதே கணினிக்குள் முழுதாக நிற்காது. நமக்கு மூன்றில் ஒன்று 0.333 என்று முடியாமல் போகிறதல்லவா, இரண்டின் அடுக்குகளில் எண்ணும் அதற்குப் பத்தில் ஒன்று அப்படி. 0.1-உடன் 0.2-ஐக் கூட்டச் சொன்னால் 0.30000000000000004 என்று காட்டும்.

இது அற்ப விஷயம் இல்லை. 1991 பிப்ரவரி 25-ம் தேதி, வளைகுடாப் போரின்போது, சவூதியின் தஹ்ரானில் அமெரிக்காவின் பேட்ரியட் என்ற ஏவுகணைத் தடுப்புத் தளம், ஈராக்கிலிருந்து வந்த ஏவுகணையைத் தடுக்கத் தவறி 28 அமெரிக்கப் படைவீரர்கள் இறந்துபோனார்கள். நேரத்தைப் பத்தில் ஒரு நொடி கணக்கில் எண்ணும் அந்தக் கருவியில், 0.1-ஐ வெட்டி வைத்திருந்ததால் வந்த சின்னப் பிழை, சுமார் 100 மணி நேரம் தொடர்ந்து ஓடியதில் 0.34 நொடியாக வளர்ந்திருந்தது. அந்த நேரத்தில் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்குமேல் கடந்துவிடும்.

என் கிளையன்டின் கணக்கில் யாரும் சாகப்போவதில்லை. ஆனாலும் விடவில்லை. அதே கணக்கை இரண்டு மடங்கு இலக்கங்களோடு, மெதுவாக, ஒரு இரவு முழுக்க ஓடவிட்டேன். அதனோடு ஒப்பிட்டால் பழைய விடையும் தப்பு, என் விடையும் தப்பு, என்னுடையது கொஞ்சம் குறைவான தப்பு. அவர்கள் கேட்ட துல்லியத்துக்கு இரண்டுமே போதும். இதை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பினேன். எழுதிய புரோகிராமைவிட அந்த ஒரு பக்கத்துக்காகத்தான் அவர்கள் அடுத்த வேலையும் கொடுத்தார்கள். பணம் வர மூன்று மாதம் ஆனது, அது வேறு கதை.

இங்கே வாழ்க்கை எப்படி என்று கேட்டிருந்தாய். குளிர்காலத்தில் நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது. வீடு பார்க்கப் போனால் சம்பளச் சீட்டு கேட்கிறார்கள். என்னிடம் இருப்பது இன்வாய்ஸ்கள்தான். கடைசியில் ஒரு வருட வங்கிக் கணக்கைக் காட்டித்தான் இந்த அறையைப் பிடித்தேன். வரும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை வரிக்கென்று தொடாமல் எடுத்து வைத்துவிடுகிறேன், முதல் வருடம் வைக்காமல் பட்டது போதும். சில நாள் யாரோடும் வாய்விட்டுப் பேசாமலே ராத்திரி ஆகிவிடும். அலுவலகத்தில் என்றால் பக்கத்து நாற்காலிக்காரர் தப்பைக் கண்டுபிடித்துச் சொல்வார். இங்கே நானேதான் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு புரோகிராமுக்கும், கையால் போட்டு விடை தெரிந்த ஒரு குட்டிக் கணக்கை முதலில் கொடுத்துப் பார்க்கிறேன். குட்டு வைக்கத்தான் ஆள் இல்லை.

உன் மகன் கணக்கு எடுப்பதா, கம்ப்யூட்டர் எடுப்பதா என்று குழம்புகிறான் என்றாயே. அவனுக்கு நான் சொல்வதெல்லாம், எதை எடுத்தாலும் அணிகளையும் நிகழ்தகவையும் தள்ளிவிடாதே என்பதுதான். நான் கல்லூரியில் உயிரைக் கொடுத்துப் படித்த தொகையீட்டு (இன்டக்ரேஷன்) வித்தைகளை இதுவரை இரண்டு தடவைகூடப் பயன்படுத்தவில்லை. அணிகள் இல்லாமல் ஒரு வாரம்கூடப் போனதில்லை.

அப்புறம், அவனுக்கு ஒரு கணக்கு. குடோனோடு சேர்த்து ஐந்து இடங்கள். எல்லாவற்றுக்கும் ஒரு தடவை போய்க் குடோனுக்கே திரும்ப வேண்டும். எத்தனை சுற்றுகள் என்று சூத்திரம் போடாமல் கையால் எழுதச் சொல். 12 என்றால் சரி. 24 என்று வந்தால் உடனே குட்டிவிடாதே. தெருவெல்லாம் ஒருவழி என்று எடுத்துக்கொண்டாயா என்று முதலில் கேள்.

அன்புடன்,
உன் தம்பி