தண்டுவடம் இல்லை பாப்பா, நரம்பு வேர்தான்

பாப்பா,

நேற்று ராத்திரி போனில் நீ அழுததிலிருந்து எங்களுக்குத் தூக்கமே இல்லை. அம்மாவின் இடுப்பு வலி ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பும் முன்பே நான் அதை விசாரித்திருக்க வேண்டும். சரி, இன்று முதல் பஸ்ஸில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர் போய், டாக்டரிடம் ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன்.

ரிப்போர்ட்டில் இருக்கிற எல் 4, எல் 5 என்பது முதுகெலும்புக் கணக்கு. கழுத்தில் 7 எலும்பு, நெஞ்சுக்குப் பின்னால் 12, இடுப்பில் 5. இடுப்பில் இருப்பதற்குத்தான் எல் என்று பேர். அம்மாவுக்கு நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் நடுவே மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க், நாம் ஜவ்வு என்போமே, அது பிதுங்கியிருக்கிறது.

நீ பயந்தது தண்டுவடத்தை நினைத்து. மூளையிலிருந்து முதுகெலும்புக்குள் இறங்குகிற அந்த வடம் சுண்டுவிரல் கனம்தான், பெரியவர்களுக்கு இடுப்பின் முதல் இரண்டு எலும்புப் பக்கமே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புகள் கற்றையாகத் தொங்குகின்றன, குதிரைவால் என்றே அதற்குப் பேராம். ஜவ்வு அழுத்துவது அந்தக் கற்றையில் காலுக்குப் போகிற ஒரு நரம்பு வேரை. அதனால்தான் இடுப்பைவிடக் கெண்டைக்காலில் வலி அதிகம், கால் பெருவிரலும் மரத்துப் போகிறது. சயாட்டிகா என்று எழுதியிருப்பதும் இடுப்பிலிருந்து காலுக்குப் போகிற பெரிய நரம்பு வழியே இறங்குகிற வலியைத்தான். கடைமடையில் பயிர் காய்ந்தால் மேலே மதகைத்தானே போய்ப் பார்ப்போம், நான் இரண்டு மாதமாக அவள் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் அம்மாவின் பெருவிரலைத் தன் விரலால் கீழே அழுத்திக்கொண்டு, 'மேலே தூக்குங்கம்மா' என்றார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கிவிட்டாள். நரம்புக்கு இன்னும் பலம் இருக்கிறது, இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், மாத்திரையும் பயிற்சியும் போதும் என்றார். ஆனால் சிறுநீர் வராமல் நின்றாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ, பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலோ ராத்திரி என்றும் பார்க்காமல் அப்போதே வந்துவிட வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். அதைப் பெரிய எழுத்தில் எழுதி காலண்டர் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

குறுவை நடவுக்கு அவளை வயலில் இறங்க விடமாட்டேன், கோபித்துக்கொண்டாலும் சரி. நீ அவசரப்பட்டு டிக்கெட் போடாதே, பொங்கலுக்கு வா. இப்போது கூடத்தில் பாய் விரித்து, டாக்டர் சொன்னபடி முழங்காலை மடக்கிப் படுத்திருக்கிறாள், நீ எப்போது போன் பண்ணுவாய் என்று கேட்டுக்கொண்டே.

அப்பா