மாத்திரை பெட்டி விஷயமா

ஏய் எப்படி டி இருக்க? நைட் டூட்டி முடிச்சு வந்து உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன், தூக்கமே போச்சு. கோத்தகிரில ஒரே மழை, பச்சத் தேயிலைக்கு விலை இல்லன்னு ஊரே பொலம்புது, அத விடு. உன் கொழுந்தனுக்கு மனநல மாத்திரை ஆரம்பிச்சிருக்காங்க, வீட்ல வயசுப் பசங்க இருக்காங்க, எடுத்து முழுங்கிடுவாங்களோன்னு பயமா இருக்குன்னு சொன்னல்ல. பயம் நியாயம்தான். ஆனா அந்த பயத்துல அவரு மாத்திரைய நிறுத்திடாதீங்க, அது வேற வம்பு.

போன மாசம் எஸ்டேட் லைன்ல இருந்து ஒரு பத்தாங்கிளாஸ் பொண்ண தூக்கிட்டு வந்தாங்க. கழுத்து ஒரு பக்கமா முறுக்கிக்கிட்டு, கண்ணு ரெண்டும் மேல சொருகி, தாடை இறுகி நாக்கு வெளிய தள்ளி... பாட்டி காத்து கருப்புன்னாங்க, அப்பா வலிப்புன்னாரு. ஆனா புள்ளைக்கு நெனவு நல்லா இருக்கு, பேர் கேட்டா கைய அழுத்துறா, கண்ணுல தண்ணி கொட்டுது. டாக்டர் பாத்ததுமே வீட்ல யாருக்காவது மனநல மாத்திரை இருக்கான்னு கேட்டாரு. சித்தப்பாவோட ஹாலோபெரிடால். முந்தின நாள் சாயங்காலம் திட்டு வாங்கிட்டு முழுங்கிருக்கா, ராத்திரி தூங்கி வழிஞ்சத படிச்ச அசதின்னு விட்டுட்டாங்க. இந்த இழுப்ப எடுக்குற ஃபெனர்கன் ஊசி போட்டு கொஞ்ச நேரத்துல கழுத்து நேராச்சு டி, பாட்டி என் கையப் புடிச்சுக் கும்புடுறாங்க. இந்த இழுப்பு பெரியவங்கள விட இந்த வயசுப் பசங்களுக்குத்தான் ஜாஸ்தி வரும், லேட்டாவும் வரும், ஊசி வேகம் தீந்ததும் திரும்பவும் வரலாம், அதான் ரெண்டு மூணு நாளைக்கு மாத்திரையும் குடுத்தாங்க.

வயித்தக் கழுவுங்கன்னு அவங்கப்பா ஒரே சண்டை. அவ்ளோ நேரம் கழிச்சு கழுவி என்ன பண்றது? மருந்த உறிஞ்சுறதுக்கு ஆஸ்பத்திரில குடுக்குற கரித்தூள் குடுக்கணும்னாலும் முழுங்கின ஒரு மணி நேரத்துக்குள்ள, அதுவும் புள்ள முழிப்பா இருந்தாத்தான், இல்லன்னா நுரையீரலுக்குள்ள போயிடும். இதுக்குன்னு முறிவு மருந்து கிடையாது, டயாலிசிஸ்லயும் வெளிய வராது. மூச்சு, பிரஷர், சுகர் பாத்துக்கிட்டு, திரும்பத் திரும்ப ஈசிஜி எடுக்கணும். அதுல க்யூடின்னு ஒரு துடிப்பு நேர அளவு இருக்கு, அது 500 மில்லி செகண்ட தாண்டுச்சுன்னா இதயத் துடிப்பு தாறுமாறா ஆகலாம், அதனால பொட்டாசியம், மெக்னீசியம் சரி பண்ணுவாங்க, துடிப்பே மாறிட்டா மெக்னீசியம் ஊசி. பிரஷர் எறங்குனா சலைன், அதுக்கும் ஏறலன்னா பிரஷர ஏத்துற நார் அட்ரினலின் மருந்து. வெறும் அட்ரினலின் இதுல பிரஷர இன்னும் எறக்கிடலாம், நம்ம படிக்கிறப்ப யாரும் சொல்லித்தரல பாத்தியா. கூடவே பாராசிட்டமாலும் முழுங்கிருக்காளான்னு ரத்தத்துல பாக்கணும், பசங்க கையில கெடச்சத எல்லாம் சேத்துப் போட்டுக்கும், கேட்டா சொல்லாது.

மாத்திரைக்கு மாத்திரை பாதிப்பு மாறும். க்வெட்டியாபின்னா தூக்கமும் பிரஷர் எறங்குறதும் ஜாஸ்தி, க்ளோசபின்ல நெஜமாவே வலிப்பு வரும், அரிப்பிப்ரசோல் உடம்புல பாதி கொறையவே மூணு நாளுக்கு மேல ஆகும். நெறைய பசங்க நல்லபடியா வீட்டுக்குப் போறாங்க, ஆனா தூங்கி எந்திரிச்சா சரியாயிடும்னு வீட்லயே விடுறதுதான் ஆபத்து. போலீஸ் கேஸ் ஆயிடும்னு மறைக்கவும் வேணாம், 2017 மனநலச் சட்டம் 115-வது பிரிவுல தற்கொலை முயற்சிய கடுமையான மன அழுத்தம்னுதான் எடுத்துக்குவாங்க, தண்டிக்க மாட்டாங்க.

அந்தப் பொண்ணு மூணாவது நாள்தான் வாயத் தொறந்தா, அதுவும் மனநல டாக்டர் அம்மா அப்பாவ வெளிய அனுப்பினப்புறம். என்னன்னு நான் கேட்டுக்கல.

உங்க வீட்ல ஒரு மாசத்துக்கு மொத்தமா வாங்காதீங்க, வாரத்துக்கு மட்டும் வாங்குங்க, மாமியார் பீரோல பூட்டி சாவி அவங்க இடுப்புலயே இருக்கட்டும். அப்படி ஏதாவது ஆச்சுன்னா உப்புத்தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைக்காம 108 கூப்டு, காலி அட்டையையும் மறக்காம எடுத்துட்டுப் போ. பசங்க மொகம் வாடிக் கெடந்தா 14416, அரசாங்கத்தோட டெலிமானஸ் மனநல உதவி நம்பர், தமிழ்லயே பேசலாம், காசு இல்ல.

அவரு எந்த மாத்திரை சாப்டுறாருன்னு அட்டைய போட்டோ எடுத்து அனுப்பு டி, நான் சாயங்காலம் எந்திரிச்சு பாக்குறேன்.