1780 என்று போட்ட காசு

அன்புள்ள ராமு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கைத்தடி இல்லாமல் தெருமுனை வரை நடக்கிறாய் என்று படித்ததும் நிம்மதி. மாடிப்படி மட்டும் இன்னும் கொஞ்ச நாள் வேண்டாம். இங்கே எல்லோரும் சௌக்கியம். பேரன் பிளஸ் டூ முடித்துவிட்டான்; அடுத்து என்ன படிப்பது என்று வீட்டில் தினமும் பட்டிமன்றம். என்னை யாரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் மகள் மஸ்கட்டில் மத்ரா சந்தையில் வாங்கி வந்த வெள்ளிக்காசின் படத்தை அனுப்பி, “1780 என்று போட்டிருக்கிறதே, அசல்தானா, நல்ல விலை போகுமா?” என்று கேட்டிருக்கிறாய். அசலாகவே இருக்கும். ஆனால் அநேகமாக 1780-இல் அடித்ததாக இருக்காது. இதோடு நிறுத்தினால் நீ காசை அலமாரியில் போட்டுப் பூட்டிவிடுவாய். அதனால்தான் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

அதன் பெயர் மரியா தெரசா தாலர். ஆஸ்திரியாவை ஆண்ட அரசியின் தலை போட்டது. படத்தைப் பெரிதாக்கிப் பார், முக்காடு தெரியும். கணவர் முதலாம் பிரான்சிஸ் 1765-இல் இறந்த பிறகு, காசிலும் அவரை விதவைக் கோலத்தில்தான் காட்டினார்கள். தலையில் முத்து வைத்த சின்னப் பட்டம், தோளில் முத்துகள் சூழ்ந்த ஒரு புரூச், அதற்குக் கீழே எஸ்.எஃப். என்று பொடி எழுத்து. குன்ஸ்பர்க் நாணயச்சாலையின் அதிகாரிகள் இருவருடைய பெயரின் முதலெழுத்துகள் அவை. பின்பக்கம் இரட்டைத் தலைக் கழுகு.

1780 நவம்பரில் அரசி இறந்துபோனார். அடுத்து மகன் இரண்டாம் ஜோசப்பின் தலைதான் காசில் வர வேண்டும், உள்நாட்டில் வரவும் செய்தது. ஆனால் செங்கடல் பக்கம் காப்பிக்கொட்டை விற்றவர்களும் அவர்களோடு வியாபாரம் செய்தவர்களும் பழகிய முகத்தைத்தான் கேட்டார்கள். கேட்கிறவனுக்குக் கேட்டதைக் கொடுப்பதுதானே வியாபாரம்? அதே அச்சு, அதே ஆண்டு என்று அடித்துக்கொண்டே போனார்கள். ஆஸ்திரியாவிலேயே 1858-இல் இந்தக் காசு செல்லாக்காசாகிவிட்டது. அப்போதும் அடிப்பது நிற்கவில்லை. ஏமனில் 1960-கள் வரை இது புழங்கியது. ஓமானில் இதை உருக்கித்தான் வளையலும் தண்டையும் செய்தார்கள். உன் காசு உருகாமல் தப்பியதே அதிர்ஷ்டம்.

எத்தியோப்பியச் சந்தைக்காரர்கள் காசைச் சும்மா வாங்கிப் பையில் போட்டுவிட மாட்டார்கள். பட்டத்தில் முத்துகளை எண்ணுவார்கள், புரூச்சைத் தடவிப் பார்ப்பார்கள், தேய்ந்துபோயிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். விளிம்பைச் சுற்றி லத்தீன் எழுத்துகள் புடைத்து நிற்கும், அதனால் ஓரத்தைச் சுரண்டி வெள்ளி திருடினால் உடனே தெரிந்துவிடும். எடை 28 கிராமும் சொச்சமும், அதில் ஆறில் ஐந்து பங்கு வெள்ளி. இவ்வளவு பெரிய காசுக்கு எப்படிச் சில்லறை கொடுத்தார்கள் என்று கேட்பாய். உப்புதான்! அமோலே என்ற உப்புக்கட்டிகள் அங்கே சில்லறையாகப் புழங்கின.

பெரிய பெரிய அரசாங்கங்களும் இந்த அம்மாள் முன்னால் பணிந்துபோனதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 1867-இல் பிரிட்டிஷார் தளபதி நேப்பியர் தலைமையில் அபிசீனியாவுக்கு, அதாவது எத்தியோப்பியாவுக்கு, படை அனுப்பினார்கள். அங்கே பவுன் எடுபடாது. கழுதைக்கும் தீவனத்துக்கும் கொடுக்க வியன்னாவில் சொல்லி லட்சக்கணக்கில் தாலர் அடித்து வாங்கினார்கள். 1935-இல் இத்தாலியின் முசோலினி எத்தியோப்பியா மேல் பாய்ந்தபோது வியன்னாவிலிருந்து அச்சையே வாங்கி ரோமில் அடித்தார். நாட்டைப் பிடித்த பிறகு தங்கள் நாணயமான லிராவைத் திணிக்கப் பார்த்தார்கள். ஜனங்கள் தாலரைத்தான் கேட்டார்கள். இத்தாலிக்காரன் மட்டும் அடிப்பதா என்று லண்டன், பாரிஸ், பிரஸ்ஸல்ஸ் எல்லாம் இறங்கின. இரண்டாம் உலகப்போரின்போது நம் பம்பாயிலும் அடித்தார்கள். உன்னிடம் இருப்பதே பம்பாய்ச் சரக்காக இருக்கலாம், மஸ்கட் எதிர்க்கரைதானே.

சட்டம் பேசினால் இதெல்லாம் கள்ள நோட்டுக்கு அண்ணன். இறந்துபோன அரசி, பொய்யான ஆண்டு, யாருடைய அனுமதியோ. ஆனால் வாங்கினவன் ஒருவனும் ஏமாறவில்லை, ஏனென்றால் வெள்ளியில் யாரும் கை வைக்கவில்லை. அதனால்தான் “1780-இலேயே அடித்ததா?” என்று மட்டும் கேட்கிற சேகரிப்பாளர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. நீயும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிடாதே.

இதே கணக்கு இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னால் நம் பக்கத்திலும் நடந்திருக்கிறது. ரோமானியர் பிளினி எழுதியிருக்கிறார்: செங்கடல் வரி வசூல்காரர் ஒருவரின் ஆள் அரேபியக் கரையில் காற்றில் மாட்டி இலங்கையில் ஒதுங்குகிறான். அவனிடம் இருந்த வெள்ளிக்காசுகளை அந்த ஊர் அரசன் வாங்கிப் பார்க்கிறான். முகங்கள் வேறு வேறு, ஆனால் எடை எல்லாம் ஒன்று. அதைப் பார்த்தே ரோமானியர் நேர்மையானவர்கள் என்று முடிவு கட்டிவிடுகிறான். ரோமப் பேரரசர் நீரோ கி.பி. 64 வாக்கில் காசில் வெள்ளியைக் குறைத்ததும் அந்தப் பேர் கெட்டது. கோயம்புத்தூர்ப் பக்கம் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுகளில் பெரும்பாலானவை அவருக்கு முந்தைய அகஸ்டஸ், திபேரியஸ் காசுகளாக இருப்பது சும்மா இல்லை. வெள்ளி குறைந்த பிற்காலத்து வெள்ளிக்காசை நம் ஆட்கள் அவ்வளவாக விரும்பியிருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம். புதுக்கோட்டைப் புதையலில் கிடைத்த தங்கக்காசுகளில் பலவற்றில் பேரரசர் தலை மேல் உளியால் ஒரு வெட்டு இருக்கும். அதைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும், இப்போது வேண்டாம்.

விலைக்கு வருகிறேன். கோடிக்கணக்கில் அடித்த காசு, வியன்னாவில் இன்னும் அடிக்கிறார்கள். அதில் இருக்கிற வெள்ளியின் விலைக்கு மேல் கொஞ்சம் கிடைக்கும், அவ்வளவுதான். எங்கே அடித்தது என்று தெரிய வேண்டுமானால் முத்துகளையும் கழுகின் வால் இறகுகளையும் லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். நீ அனுப்பிய படத்தில் வால் பக்கம் ஒரே பளபளப்பு, ஒன்றும் தெரியவில்லை. ஜன்னல் பக்கம் வைத்து, ஃபிளாஷ் போடாமல், இரண்டு பக்கமும் விளிம்பும் எடுத்து அனுப்பு.

அப்புறம், கறுத்திருக்கிறதே என்று புளி போட்டுத் தேய்த்துவிடாதே. அந்தக் கறுப்பு போனால் சேகரிப்பாளன் திரும்பியும் பார்க்க மாட்டான். எடை போட நகைக்கடைக்குக் கொண்டுபோனால், உரைகல்லில் உரச விடாமல் பக்கத்திலேயே நின்று வாங்கிக்கொள்.

உன்,
சுந்தரம்