ஒளிரும் சென்சார்: எந்தத் தண்ணீரில் சோதித்தார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொங்கு மண்டலக் கல்லூரிகளின் வேதியியல் துறைகளில் ஒளிர்வு சென்சார் ஆய்வு, அதாவது ஒரு குறிப்பிட்ட பொருள் பட்டால் ஒளியோ நிறமோ மாறிக் காட்டும் மூலக்கூறுகளைப் பற்றிய ஆய்வு, இன்று பரவலாக நடக்கிறது. யுவி விளக்கின் கீழ் ஒளிரும் குப்பிகளின் படத்தோடும் பேராசிரியரின் பேட்டியோடும் செய்தி வரும்போது எங்களுக்குப் பெருமைதான். ஆனால் எந்தத் தண்ணீரில் சோதித்தார்கள் என்பது பெரும்பாலும் அச்சில் வருவதில்லை.

தர்மபுரியின் ஃப்ளோரைடு பிரச்சினை ஊரறிந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதை மனதில் வைத்து வந்தது. ஐஎஸ் 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரநிலைப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மி.கி. ஃப்ளோரைடு ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லாத இடத்தில் 1.5 மி.கி. வரை போகலாம். ஆய்வுக் கட்டுரைகளில் வரும் ஃப்ளோரைடு சென்சார்களில் பலவும் டிஎம்எஸ்ஓ, அசிட்டோநைட்ரைல் போன்ற தண்ணீரல்லாத கரிமக் கரைப்பான்களில்தான் வேலை செய்கின்றன. ஃப்ளோரைடையும் அந்தக் கரைப்பான்களில் கரையும் டெட்ராபியூட்டைல் அம்மோனியம் உப்பாகவே சேர்க்கிறார்கள். நிறம் நொடியில் மாறும். அதே குப்பியில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், வந்த நிறம் போய்விடும். தண்ணீர் மூலக்கூறுகள் ஃப்ளோரைடை இறுகச் சூழ்ந்துகொள்வதால் அது சென்சாரிடம் வந்து சேர்வதே இல்லை. தவிர, பல மூலக்கூறுகளில் ஃப்ளோரைடு பிணைவதில்லை, ஒரு புரோட்டானைப் பிடுங்குகிறது, அவ்வளவுதான். அந்த வேலையைக் காரமும் செய்யும். சிர்க்கோனியமும் சாயமும் சேர்ந்த பழைய ஸ்பாட்ன்ஸ் (SPADNS) ஃப்ளோரைடு சோதனை தண்ணீரிலேயே நடக்கிறது என்றால், சாயத்திடமிருந்து சிர்க்கோனியத்தைப் பறிக்கும் வலு ஃப்ளோரைடுக்கு அங்கும் இருக்கிறது என்பதே காரணம்.

ஈரோட்டு மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமினை வைத்துச் சென்சார் செய்பவர்களுக்கும் இதே கவனம் வேண்டும். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் ஆரத்தி சிவப்பது எல்லோருக்கும் தெரியும். காரத்தன்மை மிகுந்த ஆழ்குழாய்க் கிணற்று நீரிலும் மஞ்சள் தாள் அப்படிச் சிவக்கலாம். குர்குமின் போரானுக்கு நம்பகமான பழைய சோதனை, ஆனால் சிவப்பு எதனால் வந்தது என்று பிரித்தறிய வேண்டும். ஒரு சொட்டு அமிலத்தில் தாள் மஞ்சளுக்குத் திரும்பினால் அது காரத்தின் வேலை. போரானால் வந்த சிவப்பு அமிலத்தில் நிற்கும்; அம்மோனியா பட்டால் கரும்பச்சையாகும்.

திருப்பூர்ப் பக்கம் வேறொரு சிக்கல் இருக்கிறது. பனியன் துணிக்கும் சோப்புத்தூளுக்கும் சேர்க்கும் வெண்மையூட்டிகள் 365 நானோமீட்டர் விளக்கில் தாமாகவே நீலமாக ஒளிரும். கழிவு கலந்த நீரில் நீல ஒளி கூடினால் அது சென்சாரின் வெற்றி என்று எப்படிச் சொல்வது? சென்சார் சேர்க்காத வெறும் தண்ணீரை முதலில் அளந்தாக வேண்டும். பிறகு அதை யுவி விளக்கில் சில நிமிடம் வைத்து மறுபடி அளக்க வேண்டும். வெண்மையூட்டி என்றால் ஒளி சட்டெனக் குறையும். சாய நீரில் இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு: சாயமே ஒளியை உறிஞ்சிவிடும், ஒளி மங்குவதைக் கொண்டு உலோகத்தைக் காட்டும் சென்சாரில், உலோகம் ஒளியை அணைத்துவிட்டதாகக் கணக்கில் ஏறும். கரைசல் ஒளியை உறிஞ்சும் அளவான உறிஞ்சுதிறன் (absorbance) 0.1-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் இந்தப் பிழை பெரும்பாலும் அடங்கும்.

இந்தத் துறையில் நாங்கள் மாணவர்களுக்குக் காட்டுவது, கொழும்பில் படித்து பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான ஏ. பிரசன்ன டி சில்வாவின் ஆய்வு வாழ்க்கையை. அவர் வகுத்த ஒளிர்வு மூலக்கூறு வடிவம், மருத்துவமனைகளில் இரத்தத்தின் சோடியம், பொட்டாசியம், கால்சியம் பார்க்கும் கருவிகளுக்குள் போய்ச் சேர்ந்தது. இரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல், பொட்டாசியம் 3.5 முதல் 5. சோடியத்தை இறுகப் பிடிக்கும் மூலக்கூறு இங்கே உதவாது. அது முன்பே நிரம்பிவிடும், 130-க்கும் 150-க்கும் வித்தியாசம் காட்டாது. தளர்வாகப் பிடிப்பதைத் தேர்ந்ததில்தான் அந்த வேதியியலின் அழகு இருக்கிறது. எவ்வளவு குறைந்த அளவைக் கண்டுபிடித்தோம் என்று மட்டுமே பேசும் நம் கட்டுரைகள் இதைக் கவனிக்க வேண்டும். அதற்காக மிகக் குறைந்த அளவைக் கண்டறியும் திறன் தேவையில்லை என்பதல்ல. குடிநீரில் காரீயத்துக்கு லிட்டருக்கு 0.01 மி.கி., அதாவது சுமார் 48 நானோமோல்தான் எல்லை. மைக்ரோமோல் கணக்கில் நிற்கும் சென்சார் அங்கே பயன்படாது.

ஒளிரும் மூலக்கூறுகளைக் கொண்டு உடலுக்குள் படமெடுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுமார் 600 நானோமீட்டருக்குக் கீழுள்ள ஒளியை ஹீமோகுளோபின் பெரிதும் விழுங்கிவிடும். 650 முதல் 900 வரைதான் திசு ஓரளவு வழிவிடும். 1959-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இண்டோசயனின் கிரீன் என்ற மருத்துவச் சாயம் இன்றும் பயன்படுவது அந்த இடைவெளியில் ஒளிர்வதால்தான். பச்சையாக ஒளிரும் செல்களின் படம் கண்ணாடித் தட்டோடு நின்றுவிடும். அதைப் புற்றுநோய்க் கண்டுபிடிப்பு என்று தலைப்பிட வேண்டாம் என அன்போடு கேட்கிறோம்.

சரிபார்க்கும் வழி எளிது. பென்னாகரத்திலோ நொய்யல் கரையிலோ எடுத்த தண்ணீரை 0.45 மைக்ரான் தாளில் வடிகட்டி, பிஎச் குறித்து, நான்கு பங்காக்குங்கள். ஒன்றை அப்படியே விட்டு, மற்றவற்றில் லிட்டருக்கு 0.5, 1, 2 மி.கி. ஃப்ளோரைடு சேருங்கள். நான்கிலும் சென்சார் காட்டும் மாற்றத்தை, சேர்த்த ஃப்ளோரைடின் அளவுக்கு எதிராக வரையுங்கள். அந்தக் கோட்டின் சாய்வு, காய்ச்சி வடித்த நீரில் வந்த சாய்விலிருந்து விலகினால், நீரில் உள்ள வேறு ஏதோ குறுக்கிடுகிறது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன. அதே பாட்டிலின் மறுபாதியை அங்கே கொடுத்துப் பெற்ற எண்ணையும், சென்சார் காட்டிய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுமாறு தங்கள் நாளிதழைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியர்கள் சிலர்,
ஈரோடு.