விலையை வாங்கிக்கொண்டது யார்?

கோத்தகிரி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். மழை விட்டபாடில்லை, கொழுந்து பறிக்க ஆள் வருவதே சிரமமாக இருக்கிறது.

போனில் நீ கேட்டதற்கு அவசரமாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை. "இயேசு விலை கொடுத்து நம்மை மீட்டார் என்றால், அந்த விலையை வாங்கிக்கொண்டது யாரும்மா?" சபையில் பெரியவர்களே கேட்கத் தயங்கும் கேள்வி, கண்ணு.

உன் காலேஜ் பீஸுக்காக என் செயினை அடகு வைத்தது உனக்குத் தெரியும். கொழுந்துக்கு நல்ல விலை கிடைத்த வருஷம் அசலும் வட்டியும் கட்டி மீட்டோம். கடைக்காரர் பொட்டலத்தைப் பிரித்து, சீட்டில் எழுதிய எடை சரியா என்று தராசில் வைத்துக் காட்டிவிட்டுத்தான் கையில் கொடுத்தார். மீட்பு என்றாலே நமக்கு அந்தக் கடைதான் கண்முன் வருகிறது. அதனால் இங்கேயும் ஒரு கடைக்காரரைத் தேடுகிறோம்.

பழைய காலத்திலும் தேடியிருக்கிறார்கள். விலை சாத்தானுக்குப் போனது என்றார் 3-ஆம் நூற்றாண்டில் ஓரிஜன் என்ற சபைப் போதகர். அடுத்த நூற்றாண்டில் நசியான்சு கிரகோரியார் என்ற இன்னொரு சபைப் போதகர், கொள்ளைக்காரனுக்கா இவ்வளவு பெரிய விலை என்று கொதித்துப்போனார். பிதா அதைக் கேட்டு வாங்கினார் என்பதையும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நம்மைப் பிடித்து வைத்திருந்தது பிதா இல்லையே!

எனக்குத் தெளிவு தந்தது யாத்திராகமம்தான். எகிப்திலிருந்து இஸ்ரவேலரைக் கர்த்தர் மீட்டார் என்று வேதம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. பார்வோன் கைக்கு ஒரு காசு போகவில்லை. ஏசாயா 52-இலும் பணமில்லாமல் மீட்கப்படுவீர்கள் என்றே வருகிறது. நாம் பிறர் பிடியில் இருந்தோம், நம்மை விடுவிக்க அவருக்கு உயிரே செலவானது. யார் கல்லாவில் விழுந்தது என்று வேதம் எங்கும் கணக்குக் காட்டவில்லை.

ரோமர் 3:24, 25 வாசித்துப் பார். குற்றவாளியை நீதிமான் என்று தீர்க்கும் நியாயஸ்தலம், அடிமையை விடுவிக்கும் மீட்பு, ஆலயத்துப் பலி, மூன்றையும் பவுல் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார். கேட்ட ஜனங்களுக்கு எல்லாமே பழகிய விஷயங்கள். நாம் ஒன்றை மட்டும் பிடித்து அதன் கடைசி மூலைவரை இழுத்தால், தேவன் வெறும் நீதிபதியாகவோ கடன் வசூலிப்பவராகவோ ஆகிவிடுவார்.

லூக்கா 15-இல், வீட்டை விட்டுப் போய்க் கெட்டுத் திரும்பும் மகனின் கதையில் வரும் தகப்பனிடம் விலைப்பேச்சே கிடையாது. தூரத்தில் பார்த்ததுமே ஓடுகிறார். நம் ஊரில் வயதான பெரிய மனிதர் தெருவில் ஓடிப் பார்த்திருக்கிறாயா? கூலிக்காரனாக வைத்துக்கொள்ளும் என்று மகன் யோசித்து வைத்திருந்ததைச் சொல்லி முடிக்கக்கூட விடவில்லை. எனக்கு அந்த ஓட்டம்தான் ரொம்பப் பிடிக்கும்.

ரத்தம் கேட்கிற சாமி என்று உன் ரூம் தோழி சொன்னாளே, அவளோடு வாக்குவாதம் வேண்டாம். முதலில் லூக்கா 15, அப்புறம் கிறிஸ்துவின் ரத்தத்தாலே மீட்கப்பட்டீர்கள் என்று சொல்லும் 1 பேதுரு 1:18, 19, இந்த வரிசையில் வாசித்துக் காட்டு. கிறிஸ்மஸுக்கு அவளையும் கூட்டிக்கொண்டு வா, நானே உட்கார்ந்து பேசுகிறேன். நல்ல ஸ்வெட்டராக எடுத்துவரச் சொல்.

அன்புடன்,
அம்மா