குச்சி கொடுத்தவர்களுக்கும் கதை கொடுத்தவர்களுக்கும்

அன்புள்ள தெருக்காரர்களுக்கும், பைண்டிங் அண்ணாச்சிக்கும், நூலகர் மேடத்துக்கும் வணக்கம்.

நவம்பர் 14 முதல் 20 வரை நடந்த நூலக வார விழாவில், நம் சிவகாசிக் கிளை நூலகத்து மேசையில் பிள்ளைகள் செய்த புத்தகங்களைப் பார்த்துவிட்டுப் பலரும் என்னையும் என் வீட்டுக்காரரையும் பாராட்டினீர்கள். "வீட்டுல எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து படிக்கிறீங்களாமே" என்று வழியில் நிறுத்திக்கூடக் கேட்டீர்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மேசையில் எங்கள் காசில் வாங்கியது என்றால் இரண்டு கத்தரிக்கோலும் ஒரு பெட்டி ஸ்கெட்ச் பேனாவும்தான். மற்றதெல்லாம் உங்களிடமிருந்து வந்தது. அதைப் பொதுவில் சொல்லாமல் பாராட்டை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வது சரியாக இருக்காது.

முதல் நன்றி என் அம்மாவுக்கு. பிள்ளைகளுக்கு அம்மாச்சி. பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் தீப்பெட்டி ஒட்டப் போனவர். எழுத்துக்கூட்டிக்கூட வாசிக்கத் தெரியாது. அதனாலேயே படப் புத்தகத்தை எங்களைவிட நன்றாகப் படிக்கிறார் என்பது எனக்குத் தெரியவே நாளானது. நாங்கள் எழுத்தைப் படித்து முடித்ததும் பக்கத்தைத் திருப்பிவிடுவோம். அம்மா திருப்ப விடமாட்டார். ஒருநாள் ஒரு கோழிக் கதை. "போன பக்கத்துல இந்தக் கோழிக்கு ஆறு குஞ்சு, இங்க அஞ்சுதானே இருக்கு, ஒண்ணு எங்கடா?" என்று கேட்டார். கதையில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. பெரியவளும் சின்னவனும் தலையோடு தலை முட்டத் தேடினார்கள். அடுத்த பக்கத்தில் ஒரு பானைக்குப் பின்னாலிருந்து மஞ்சளாக ஒரு வால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. படம் வரைந்தவர் ஒளித்து வைத்ததை அதுவரை எங்கள் வீட்டில் யாரும் பார்க்கவில்லை. அப்புறம் அந்தக் காணாமல் போன குஞ்சு எங்கே போய் வந்தது என்று அம்மா ஒரு கதை சொன்னார். மறுநாள் அதையே வேறு மாதிரி சொன்னார். "நேத்து பூனை வரலையே" என்று சின்னவன் சண்டைக்குப் போனான். "அது நேத்து, இன்னைக்குப் பூனைக்குப் பசிச்சிருச்சு" என்று பதில் வந்தது. மேசையில் நீங்கள் எடுத்துப் பார்த்த 'பானைக்குப் பின்னால்' என்ற சின்னப் புத்தகம் இப்படித்தான் பிறந்தது. எழுத்தும் படமும் பெரியவளுடையவை, கதை அம்மாச்சியுடையது. அட்டையில் இரண்டு பேருடைய பெயரையும் போட்டிருக்கிறோம்.

பசையும் அவர் காய்ச்சியதுதான். மைதாவை முதலில் பச்சைத்தண்ணீரில் கட்டி இல்லாமல் கரைத்துக்கொண்டு, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, கை விடாமல் கிண்ட வேண்டும். பூச்சி அரிக்காமல் இருக்க அந்தக் காலத்தில் மயில்துத்தம் போடுவார்களாம். "பிள்ளைங்க கையை வாயில வைக்கும், அந்த விஷம் இதுல வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். ஆகையால் அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் காய்ச்சுகிறோம்.

அடுத்து பைண்டிங் அண்ணாச்சி. என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் பிரஸ் என்பதால் அவரைத் தெரியும். ஆடிப்பெருக்குக்குப் புதுக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளிவந்துவிட்டால் அப்புறம் பிரஸ்காரர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்பதே கிடையாது, இந்த ஊரில் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த நெருக்கடியிலும் கட்டிங் மிஷினில் வெட்டி விழுந்த தாளில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி, கட்டாகக் கட்டி அனுப்பினார். அந்தக் கழிவும் கிலோ கணக்கில் விலைக்குப் போகிற சரக்குதான். சும்மா கிடந்ததைத்தானே கொடுத்தார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கலர் சரிபார்க்க ஓட்டிய ஷீட்டுகளும் வந்தன. ஒரு பக்கம் முருகன் மேல் முருகனாக இரண்டு மூன்று படம் ஏறிக் கிடக்கும், பின்பக்கம் வெள்ளை. பிள்ளைகளுக்கு அந்த முருகன் பக்கம்தான் பிடித்திருந்தது.

தாளைக் கொடுத்ததோடு அவர் நிற்கவில்லை. ஒரு மாலை வீட்டுக்கு வந்தவர், திண்ணையில் உட்கார்ந்து ஒரு பெரிய தாளை மூன்று தடவை மடித்துப் பெரியவள் கையில் கொடுத்தார். எட்டு இலை, பதினாறு பக்கம். இதுதான் ஒரு பாரம், எவ்வளவு பெரிய புத்தகமும் இத்தனை பாரம் என்றுதான் கணக்கு என்றார். மடித்தபடியே ஒவ்வொரு பக்கத்திலும் எண் போடச் சொன்னார். போட்டாள். விரித்தால் எல்லாம் குழம்பிக் கிடந்தது. 1-க்குப் பக்கத்தில் 16, 4-க்குப் பக்கத்தில் 13, பாதி எண்கள் தலைகீழ். அழப்போனவளிடம், "பக்கத்துல பக்கத்துல இருக்கிறதைக் கூட்டிப் பாரு" என்றார். 17. 5-ம் 12-ம் கூட்டினால் 17. 8-ம் 9-ம் கூட்டினாலும் 17. அவள் முகம் மாறியதை அண்ணாச்சி கவனித்தாரோ என்னவோ, பீடியைப் பற்றவைக்க வெளியே போய்விட்டார். பிரஸ்காரரின் மனைவியாக இத்தனை வருடம் இருந்தும் எனக்கும் அன்றைக்குத்தான் இது தெரியும். இப்போது வீட்டில் எந்தத் தாள் கிடைத்தாலும் மடித்து எண் போட்டு வைக்கிறாள். மளிகைச் சீட்டுக்கூடத் தப்பவில்லை.

தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் எதிர்வீட்டு மதினிக்கு நன்றி. மருந்து முக்காத வெறுங்குச்சி ஒரு பை நிறையக் கேட்டு வாங்கி வந்தார். முனைத் தெரு சைக்கிள் கடைத் தம்பி வால்வு ட்யூபை வெட்டிக் கொடுத்தார். இந்த இரண்டையும் சேர்த்தால் என்ன செய்யலாம் என்பது என் யோசனை இல்லை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் குப்தா, 1978 வாக்கில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் பக்கம் கிராமப் பள்ளிகளுக்குப் போனபோது உருவாக்கிய விளையாட்டு அது. 2018-இல் பத்மஸ்ரீ வாங்கியவர். தன் பொம்மைகளின் செய்முறையை இணையத்தில் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாகப் போட்டிருக்கிறார். குச்சி முனைகளை ட்யூப் துண்டில் செருகினால் மூட்டு. நாலு குச்சியில் சதுரம் செய்தால் கோணிக்கொண்டு ஆடும், மூன்று குச்சியில் முக்கோணம் செய்தால் அசையாது. ஓணானுக்கு வீடு கட்டுகிற கதை ஒன்றைப் படித்திருந்தோம். பிள்ளைகள் கட்டிய வீடு முதலில் சதுரமாகச் சாய்ந்து விழுந்தது. பிறகு குறுக்கே ஒரு குச்சி வைத்தார்கள், நின்றது. தீக்குச்சிக்குப் பேர்போன ஊரில் அது விளையாட்டுச் சாமானாக நம் தெருவுக்கு வர இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது பாருங்கள்.

நூலகர் மேடத்துக்குத் தனியாக ஒரு நன்றி. 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்குக் கீழேயே பிள்ளைகள் சத்தமாக வாசிக்க வராண்டாவை விட்டுக்கொடுத்தவர் அவர். நாளிதழ் பார்க்க வரும் தாத்தாக்கள் முதலில் முறைத்தார்கள். அப்புறம் அவர்களில் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து கரடிக்குக் குரல் கொடுக்க ஆரம்பித்தார். அந்தக் கரடிக் குரலுக்கு எங்கள் வீட்டில் இருவருமே ரசிகர்கள். வீட்டு வரி ரசீதில் நூலக வரி என்று ஒன்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். 1948-இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் வழியாக வந்தது அது. ஆக, வரி கட்டும் எல்லாருமே இந்த வராண்டாவுக்குப் பங்குதாரர்கள், போய் உட்காருங்கள்.

பள்ளியில், தமிழக அரசின் வாசிப்பு இயக்கம் வாசிக்கும் திறனுக்கேற்ப நுழை, நட, ஓடு, பற என்று பிரித்துப் போட்ட வரிசைப் புத்தகங்களைப் பிள்ளைகளின் கையில் தயங்காமல் கொடுக்கும் டீச்சருக்கும் நன்றி. கிழிந்துவிடும் என்று பீரோவில் பூட்டி வைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. குழந்தைகள் புத்தகம் போடும் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற இலவச இணையதளத்தில், கதைகளைத் தமிழில் மொழிபெயர்த்துப் போட்டிருக்கும் முகம் தெரியாதவர்களுக்கும் நன்றி. இறக்கி, அச்செடுத்து, மடித்துத் தைத்துப் பல இரவுகள் ஓட்டியிருக்கிறோம். நல்ல படப் புத்தகம் விலை கூடத்தான், ஏன் கூட என்று நாலு கலர் ஓட்டுகிற நமக்குத் தெரியும். ஆனாலும் மாதாமாதம் வாங்க எல்லார் வீட்டிலும் கட்டுப்படியாகாது.

என் வீட்டுக்காரரை விட்டுவிட்டால் கோபித்துக்கொள்வார். நான் கதை படித்தால் பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள். அவர் படித்தால் தூங்கினவர்களும் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து மையும் மண்ணெண்ணெயும் மணக்கும் கையோடு வந்து புலி மாதிரி உறுமினால் யார் தூங்குவார்கள்? இதற்கு நன்றி சொல்வதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

கடைசியாகச் சில வேண்டுகோள்கள். அண்ணாச்சி, தாள் போதும், இனி அட்டைக்குக் கொஞ்சம் கெட்டி போர்டு கிடைத்தால் நன்றாக இருக்கும். காலண்டர் வேலை முடிந்து பொங்கலுக்குப் பிறகு அனுப்பினால் போதும். மதினி, குச்சி தீர்ந்துவிட்டது. மேசையிலிருந்து 'முருகனும் முருகனும் முருகனும்' என்ற புத்தகத்தைப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று எடுத்துப் போனவர் யாராக இருந்தாலும், நூலகர் மேடத்திடம் கொடுத்துவிடுங்கள். சின்னவன் இரண்டாம் பாகம் எழுத உட்கார்ந்திருக்கிறான், முதல் பாகத்தில் என்ன எழுதினான் என்பது அவனுக்கே மறந்துவிட்டதாம்.

இப்படிக்கு,
பெரியவளும் சின்னவனும், அவர்களின் அம்மாவும்