ஒடிசியைச் சிறுவர்களுக்குச் சுருக்கித் தருவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள எழுத்தாளர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும்,

வணக்கம். போன மாதம் என் 10 வயது மகளுக்கு, டிராய் நகரைப் போரில் வீழ்த்திய ஒடிசியஸ் கடல்வழியே வீடு திரும்புவதைச் சொல்லும் ஹோமரின் கிரேக்கக் காவியமான ஒடிசியின் சிறுவர் சுருக்கம் ஒன்றை இரவுதோறும் வாசித்தேன். ஒற்றைக்கண் அரக்கனை ஏமாற்றிய இடத்தில் கைதட்டினாள். கடைசிப் பக்கம் முடிந்ததும் கேட்டாள்: “அம்மா, 12 கப்பல்ல போனாங்களே, மத்தவங்கல்லாம் எங்க?”

அந்தப் புத்தகத்தில் பதில் இல்லை. ஹோமரிடம் இருக்கிறது.

மனிதரைத் தின்னும் ராட்சதர்களான லேஸ்ட்ரிகோனியரின் நாட்டில், செங்குத்துப் பாறை சூழ்ந்த துறைக்குள் 11 கப்பல்கள் போய் நெருக்கியடித்து நிற்கின்றன. ஒடிசியஸ் மட்டும் தன் கப்பலை வெளியே கட்டுகிறான். மற்றவர்களை எச்சரித்ததாக ஒரு வரியும் இல்லை. மேலிருந்து பாறைகள் விழ, ஆட்களை மீன் குத்துவதுபோல் குத்தி எடுக்கிறார்கள். அவனோ வாளை உருவித் தன் கயிற்றை அறுத்துக்கொண்டு தப்புகிறான். பிறகு ஆறு தலைக் கடல் அரக்கி ஸ்கில்லா. 6 பேரை அவள் விழுங்குவாள் என்று மாயக்காரி சர்சி முன்கூட்டியே சொல்லியிருந்தாள். துடுப்பை விட்டுவிடுவார்களென்று அவன் அதை மறைத்துவிடுகிறான். தூக்கிச் செல்லப்பட்டவர்கள் அவன் பெயரைச் சொல்லித்தான் அலறினார்கள்.

என்னால் தாங்க முடியாதது 22ஆம் காண்டம். அவன் இல்லாதபோது மனைவி பெனலோப்பியை மணக்க வந்தவர்களையெல்லாம் கொன்று முடித்தபின், அவர்களோடு படுத்த 12 பணிப்பெண்களை அழைத்துவரச் சொல்கிறான். அழுதுகொண்டே அவர்கள் பிணங்களைச் சுமக்கிறார்கள். மேசை நாற்காலிகளிலிருந்து இரத்தத்தைத் துடைக்கிறார்கள். வேலை முடிந்ததும் வாளால் வெட்டு என்பது மகன் டெலிமாக்கஸுக்கு அப்பாவின் உத்தரவு. அது அவர்களுக்குத் தகாத கௌரவமான சாவு என்று நினைத்த டெலிமாக்கஸ் கப்பல் கயிற்றை இழுத்துக் கட்டி வரிசையாகத் தூக்கிலிடுகிறான். கண்ணியில் சிக்கிய புறாக்களைப்போல, கால்கள் கொஞ்ச நேரம் துடித்தன, அதிக நேரமில்லை என்கிறார் ஹோமர்.

அந்தப் பெண்கள் சிரித்தபடி போனதாக 20ஆம் காண்டம் சொல்வதை நானும் படித்திருக்கிறேன். அடிமை எஜமானின் உடைமை என்பது அக்கால வழக்கம் என்பதும் தெரியும். ஆனால் அதே 22ஆம் காண்டத்தின் தொடக்கத்தில், வில்லோடு நின்று அந்த ஆண்கள்மேல் ஒடிசியஸ் சுமத்தும் குற்றங்களில் ஒன்று, “என் பணிப்பெண்களை வலுக்கட்டாயமாகப் படுக்கைக்கு இழுத்தீர்கள்” என்பது. வலுக்கட்டாயம் என்று அவனுக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் கொல்லச் சொன்னான்.

குழந்தைகள் பயப்படுவார்கள் என்பீர்கள். அரக்கன் மனிதர்களைத் தின்பதையும், அவன் கண்ணில் கொள்ளிக்கட்டையைச் செருகுவதையும் முழுப்பக்க வண்ணப் படமாகவே போட்டிருக்கிறீர்கள். நீங்கள் விட்டது வன்முறையை அல்ல, நாயகன் செய்த தவறுகளை மட்டும்தான். ஹோமர் தன் நாயகனை அப்படிக் காப்பாற்றவில்லை. டிராய் வீழ்ந்த பாட்டைக் கேட்டு ஒடிசியஸ் அழும்போது அவர் சொல்லும் உவமை, ஊரைக் காக்கப் போரிட்டுச் சாகும் கணவன்மேல் விழுந்து கதறும் பெண். பின்னாலிருந்து ஈட்டியால் குத்தி அவளை அடிமையாக ஓட்டிப்போகிறார்கள். டிராயில் அதைச் செய்தவர்களில் ஒருவனுக்கே அந்த உவமையைத் தந்திருக்கிறார்.

இரத்த விவரமெல்லாம் வேண்டாம். அடுத்த பதிப்பில் அந்த 12 பேருக்கு ஒரு பத்தி கொடுங்கள். துறைக்குள் போன 11 கப்பல்களுக்கு நாலு வரி போதும். நான் அன்றிரவு கப்பல் கதையை மட்டும் சொன்னேன். மகள் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அவரு ஏன் அவங்களையும் வெளிய நிக்கச் சொல்லல?” என்றாள். நாங்கள் இன்னும் அதைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி